கல்லைப் பற்றித் தொங்கும் குறுமரம்

சென்ற கோடையில், சாத்தான்குளம் வட்டத்திலுள்ள ஒரு சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். அங்கத்தினர் மூவர் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தனர். இருவர் வாழைத் தோட்டக்காரர். மூன்றாமவர் தறி நெய்பவர், மற்ற இருவருக்கும் மூத்தவர். அவர் கையில் ஒரு நாட்காட்டிப் படம் இருந்தது. ஒரு பாறைத் துண்டின் உச்சியில் வேரூன்றி, பாறையின் விளிம்பைத் தாண்டி, அருவி இறங்குவதுபோலக் கீழ்நோக்கி இறங்கும் ஒரு சிறிய தேவதாரு மரம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. மூவரும் தத்தம் வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்னரே திரும்பப் பெறுவதற்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தனர். அத்தொகையைக் கொண்டு மலைப்பிரதேசத்திலிருந்து தேவதாருக் கன்றுகளை வரவழைத்து, இப்படத்திற் கண்டவாறு வளர்த்து, பெருநகரங்களில் விற்பது அவர்களுடைய எண்ணம்.

"ஐயா, இது நம்ம ஊரில் வருமா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

அன்று அவருக்கு நான் சொன்ன விடையையும், அதன் பின்னர் நாங்கள் நால்வரும் செய்து பார்த்தவற்றையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். வீட்டுமுற்றத்தில் ஒரு தொட்டி மரம் வைத்துக்கொள்ள விரும்பும் அங்கத்தினர் எவருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் என்னுடைய தோல்வியைச் சொல்லிவிடுவது முறை. மலைநாட்டு நாற்றுப் பண்ணையொன்றிலிருந்து தேவதாருக் கன்று ஒன்றை நானும் ஒருமுறை வாங்கி வந்தேன். தை, மாசி மாதங்களில் அது செழிப்பாகவே இருந்தது. பங்குனி பிறந்ததும் நாள்தோறும் இருவேளை கிணற்று நீர் வார்த்தேன். சித்திரையிலும் அது பச்சையாகவே நின்றது. அண்டை வீட்டார் வந்து பார்த்துப் பாராட்டிச் சென்றனர். வைகாசியில் ஒருநாள் தொட்டியை நகர்த்தியபோது ஊசியிலைகள் முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்தன. பட்டையை நகத்தாற் கீறிப் பார்த்தேன். உட்புறம் பழுப்பேறி உலர்ந்திருந்தது. வேர் அழுகிப் பல நாட்கள் ஆகியிருக்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது நாட்கள் நான் நீர் வார்த்தது செத்த மரத்திற்கு! ஊசியிலை மரங்களின் இயல்பு இது. உயிர் போன பின்னரும் பல வாரங்கள் நிறம் போவதில்லை. (சில சங்கங்களின் கணக்கேடுகளிலும் இத்தகைய பச்சையை நான் கண்டதுண்டு. அது வேறு கதை.)

தேவதாரு ஏன் இங்கே பிழைப்பதில்லை என்பதை அறிந்துகொள்வது நன்று. மேற்கு இமயத்தில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 முதல் 3,200 மீட்டர் வரை உயர்ந்த சரிவுகள் அதன் பிறப்பிடம். லெபனான் மலைகளிலும், வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளிலும், சைப்பிரஸ் தீவிலும் வளர்வன அதன் உறவு மரங்கள். இவை யாவும் குளிர்காலத்தில் ஓய்வு கொண்டு, இளவேனிலில் விழித்தெழும் பழக்கமுடையவை. ஈரம் தேங்கினால் இவற்றின் வேர் விரைவில் அழுகும். நம் ஊரிலோ இரவிலும் தரை ஆறுவதில்லை. தொட்டி மண் பகலெல்லாம் சுட்டு, அதன்மேல் உவர் கலந்த கிணற்று நீரும் விழுமானால் மலை மரம் எங்ஙனம் தாங்கும்? குளிர்ந்த மலையூர்களில் உறவினர் உடையோர் அங்கே முயன்று பார்க்கலாம். அவ்வாறு முயல்வோர் வேரை ஒரே தடவையில் மிகுதியாக வெட்டுதல் கூடாது. கொழுந்தைக் கத்தரியால் நறுக்காமல் விரலாற் கிள்ளுதல் வேண்டும். ஓராண்டு கம்பி சுற்றி வளைத்த கிளையும் கம்பியை எடுத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்குமாதலின், மீண்டும் சுற்றப் பொறுமை வேண்டும். தேவதாருவைப் பற்றி நம்மனோர்க்கு இவ்வளவு போதும்.

பெயரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் வறண்ட காடுகளில் செம்மணத்தி என்னும் சிறுமரம் ஒன்றுண்டு. அதனைத் தேவதாரம், தேவதாரு என்றும் வழங்குவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஏழை மக்கள் அதன் இலையைத் தின்று பசியாறியதாகக் குறிப்புகள் உள்ளன. அதற்கும் இமயத் தேவதாருவுக்கும் எவ்வித உறவும் இல்லை. ஆகையால் "தேவதாருக் கன்று" என்று யாரேனும் விற்க வந்தால், எந்தத் தேவதாரு என்று கேட்டறிந்து கொள்க.

இனி, மரம் ஏன் கீழ்நோக்கி வளர்கிறது என்பதைப் பார்ப்போம். எந்த மரமும் தானாக விரும்பிக் கீழே இறங்குவதில்லை. பாறைப் பிளவில் விழுந்த விதை முளைத்து வெளியே நீளுகையில், பனிச்சுமையோ சரிந்த கல்லோ பெருங்காற்றோ அதனைக் கீழே அழுத்துகின்றது. மரம் அழுந்திக் கொண்டே ஒளியை நாடி நுனியைச் சற்று உயர்த்துகின்றது, மறுபடியும் அழுத்தப்படுகின்றது. பல ஆண்டுகள் நடந்த இந்த இழுபறியே நாம் கண்டு வியக்கும் வடிவம். சீனரும் பின்னர் ஜப்பானியரும் இவ்வடிவத்தைத் தொட்டியிற் கொணர்ந்தனர். போன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். நுனி தொட்டியின் அடிக்கும் கீழே இறங்கினால் அதனைக் கெங்காய் என்பர். தொட்டியின் விளிம்புக்குக் கீழே இறங்கி அடிமட்டத்திற்கு மேலேயே நின்றுவிட்டால் ஹன்கெங்காய், அதாவது பாதித் தொங்கல், என்பர்.

இதனை அந்த மூவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது தறிக்காரப் பெரியவர் எழுந்து, "இதைப் பார்க்க நாட்காட்டி எதற்கு?" என்று எங்களைத் தம் தோட்டத்துக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். உட்சுவரில், நீர்மட்டத்துக்குப் பத்தடி மேலே, கற்களின் இடுக்கில் ஓர் இச்சி முளைத்திருந்தது. பறவை எச்சத்தில் வந்த விதையாயிருக்கும். அடிமரம் வெளியே நீண்டு, வளைந்து, கீழே தொங்கி, நுனி மட்டும் வானத்தை நோக்கித் திரும்பியிருந்தது. வேர்கள் கல்லின்மேல் நரம்புபோல் ஓடியிருந்தன. படத்திலிருந்த தேவதாருவுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. கிணற்றுச் சுவரைப் பிளக்கின்றதென்று அதனை வெட்டியெறிய அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது!

விண்ணப்பங்கள் அன்றே கிழிக்கப்பட்டன.

நமக்கு ஏற்ற மரங்கள் இரண்டு. தேவதாருவின் ஊசித்தோற்றத்தையே விரும்புவோர்க்குச் சவுக்கு. வேர் கல்லைக் கவ்வும் அழகை விரும்புவோர்க்கு இச்சி. கல்லரசும் அரசும் இச்சியைப் போன்றே பயன்படும். ஆனால் அரசின் இலை எளிதிற் சிறுப்பதில்லை. தைவானிலும் இந்தோனேஷியாவிலும் சவுக்கைக் கொண்டு மிக அழகிய குறுமரங்களை உருவாக்குகின்றனர். நாம் சவுக்கின் இலையென்று எண்ணும் பச்சை ஊசிகள் உண்மையில் மெல்லிய கிளைகளே. அவற்றின் கணுதோறும் வட்டமாக அமைந்த ஆறு முதல் எட்டு வரையுள்ள நுண்ணிய பற்களே அதன் இலைகள். உவரையும் கடற்காற்றையும் அது தாங்கும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை அதற்கு ஊட்டுகின்றன. எனவே, கன்றை மாற்றி நடும்போது பழைய மண்ணை முற்றிலும் கழுவிவிடாமல் ஒரு பிடி மண்ணையேனும் வேரோடு விட்டுவைத்தல் நலம்.

கன்றுகளைத் தேடி மலையேற வேண்டியதில்லை. பாபநாசத்திற்கு மேலுள்ள மலைகள் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒரு செடியைத் தோண்டுவதும் குற்றம். கிணற்றுச் சுவர், மதகுச் சுவர், இடிந்த மண்டபம், மாடிக் கைப்பிடிச்சுவர் ஆகியவற்றில் முளைத்த இச்சிகளை, உடையவரின் அனுமதியோடு எடுத்தால் சுவரும் பிழைக்கும், கன்றும் கிடைக்கும். இடுக்கினுள் வேர் முறிந்தாலும் இச்சி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் வடியும் பாலைத் துடைத்து, இலைகளிற் பாதியைக் கழித்து, நிழலில் ஒரு மாதம் வைத்தால் புதுத் துளிர் காணலாம்.

கல்லைப் பற்றிச் சில சொற்கள். கடற்கரையிற் கிடைக்கும் கல்லை எடுத்தல் வேண்டா. அதில் உப்பு ஊறியிருக்கும். பவளப்பாறையோ 2001 முதல் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைத் தொடவே கூடாது. சுக்கான் கல் சுண்ணாம்பு மிகுந்ததாதலால் மண்ணின் தன்மையைக் கெடுக்கும். குவாரிகளில் கழித்துப் போட்ட கருங்கல், பள்ளமும் வரிகளும் உடையதாகப் பார்த்து, ஒன்றரை அடி உயரத்திற்கு எடுத்தால் போதும். செம்புறைக்கல் கிடைத்தால் அது இன்னும் மேலானது. அதன் துளைகளில் வேர் புகுந்துகொள்ளும், ஈரமும் தங்கும். வழுவழுப்பான கல்லை எவ்வளவு அழகாயிருந்தாலும் விட்டுவிடுக.

இச்சியைக் கல்லில் ஏற்றும் முறை இது. கன்றை முதலில் உயரமான குழாய் போன்ற பாத்திரத்தில் ஓராண்டு வளர்க்க வேண்டும். அடியில் துளையிட்ட பழைய பிவிசி குழாய்த் துண்டு இதற்குப் போதும். வேர்கள் பக்கத்தில் ஓட இடமின்றிக் கீழ்நோக்கி ஒன்றரை அடி நீளும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ, வானம் மூடிய ஒரு நாளில், மண்ணைக் கழுவி வேர்களைப் பிரித்து, கல்லின் வரிகளில் ஒவ்வொன்றாகப் படியவைக்க வேண்டும். குளத்துக் கரம்பையுடன், பலமுறை அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவைச் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோற் பிசைந்து, வேரின் மேலே பூச வேண்டும். பிறகு நனைத்த வாழை நாரால் மேலிருந்து கீழாக நெருக்கிச் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் கயிறு ஆகாது. அது வேரை அறுக்கும். வாழை நாரோ வேர் பருக்கும் காலத்தில் தானே மக்கி விட்டுக்கொடுக்கும். இவ்வாறு கட்டிய கல்லை, கன்றின் கழுத்துவரை மணலும் மண்ணும் நிரப்பிய ஆழமான தொட்டியில் புதைத்துவிடுக. தேரி மணலைத் தனியே உபயோகித்தல் கூடாது. பொடித்த செங்கற் சல்லியும் மக்கிய தொழுவுரமும் கலக்க வேண்டும்.

பொறுமையற்றவர் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். ஒன்றரை ஆண்டேனும் தோண்டிப் பார்க்கக் கூடாது. பின்னர் மாதம் ஓரங்குலமாக மேல்மண்ணை விலக்கி வரவேண்டும். வெளிச்சமும் காற்றும் பட்ட வேர் மெல்லப் பட்டை கட்டி, கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒரேயடியாகத் திறந்தால் இளவேர் வெயிலிற் கருகும்.

சவுக்கின் வேர் இச்சியைப் போலக் கல்லைத் தழுவி ஒட்டுவதில்லை. அதற்குக் கல்லின் தோளில் உள்ளங்கை அளவு குழி ஒன்றைக் கொத்தரைக் கொண்டு கொத்தச் செய்து, குழியின் அடியில் நீர் வெளியேறத் துளையும் விட்டு, அதனுள்ளே நடவேண்டும்.

அடுத்தது வளைத்தல். நெய்பவர்களுக்கு இதில் இயல்பான தேர்ச்சி உண்டு என்பது என் அனுபவம். பாவில் விறைப்பு எங்கே மிகுகிறது, எங்கே தளர்கிறது என்பதை விரலால் அறியும் கை, மரத்தின் நாரையும் அறியும். சவுக்கு பென்சில் பருமனில் இருக்கும்போதே வளைக்க வேண்டும், முற்றினால் முறியும். கிளையின் பருமனில் மூன்றிலொரு பங்குள்ள அலுமினியக் கம்பியை, முதல்நாள் நீர் குறைத்து வாடவிட்ட கிளையில் சாய்வாகச் சுற்றி, ஒரே நாளில் முழு வளைவையும் கொடாமல், பத்து நாட்களில் மும்முறையாக வளைத்தல் நலம். மழைக்காலத்தில் மரம் விரைவிற் பருக்கும். இரண்டு மாதம் ஆகுமுன்னரே கம்பி பட்டையைக் கடிக்கத் தொடங்குகிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் கம்பியைத் திருகிக் கழற்றாமல், துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதே இக்கலையின் உயிர்நாடி. மரத்தின் ஊக்கமெல்லாம் உயர்ந்த கொழுந்தை நோக்கியே ஓடும். நிமிர்ந்த மரத்தில் நுனி வலுப்பதும் அடிக்கிளைகள் நலிவதும் இதனாலேயே. தொங்கும் மரத்தில் நுனி தாழ்ந்துவிட்டபடியால், வளைவின் மேலுள்ள மொட்டுகள் தாமே தலையென்று எண்ணி எழுந்துவிடுகின்றன. நாம் கவனியாதிருந்தால் ஓராண்டில் மேலே ஒரு புதர் எழும். கீழே நாம் பாடுபட்டு இறக்கிய நுனி ஒளியும் உணவும் இன்றிக் காய்ந்துவிடும். இந்தக் கன்றுகளில் ஒன்றை இப்படித்தான் இழந்தோம். வாழைத் தோட்டக்காரருள் இளையவர் மேற்கிளை செழிப்பதைக் கண்டு மகிழ்ந்து, அதனைக் கிள்ள மனமின்றி விட்டுவிட்டார். நுனி போனபின் அது வெறும் குட்டை மரமாயிற்று.

ஆகையால் மேலே அடிக்கடி கிள்ளுக, கீழே கைவைக்காதிருங்கள். வளரும் பருவத்தில் பதினைந்து நாளுக்கொருமுறை மேற்கொழுந்துகளைக் கிள்ளி, உள்ளே நெருங்கியவற்றைக் களைந்து, ஒளி கீழே விழ வழிசெய்ய வேண்டும். தொங்கும் நுனியை இரண்டு மூன்று மாதங்கள் தன்போக்கில் ஓடவிட வேண்டும். நுனி சற்றே மேல்நோக்கித் திரும்பி முடியுமாறு விடுவது அழகுக்கு மட்டுமன்று. அத்திருப்பம் அதற்கு உயிரூட்டுவது. இவ்வளவும் செய்தும் நுனி மெலிந்தால் ஒரு வழியுண்டு. தொட்டியையே செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து, தொங்கும் பகுதி ஏறக்குறையக் கிடைமட்டமாக வருமாறு ஒரு பருவம் வைத்திருங்கள். நுனி தன் வலுவைத் திரும்பப் பெறும். பிறகு மெல்ல நிமிர்த்தலாம். சாய்த்த நாட்களில் நீர் ஒருபக்கமே ஓடிவிடுமாதலின், வேரின் மேற்பக்கம் நனைகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தல் அவசியம்.

கல்லின்மேல் நிற்கும் மரத்திற்கு மண் ஒரு பிடியே. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தேரி மணலை வாரியிறைக்கும் காலத்தில் காலையில் வார்த்த நீர் நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். எங்கள் பெரியவர் இதற்கு ஒரு வழி கண்டார். தறியிற் கழிந்த பருத்தி நூலைத் திரியாக முறுக்கி, ஒருமுனையை உயரத்தில் வைத்த நீர்க்குப்பியிலும், மறுமுனையை மரத்தடி மண்ணிலும் செருகினார். நாள் முழுதும் நீர் கசிந்து இறங்குகிறது. இந்த யோசனையை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் அவருக்குச் சொல்லவில்லை. கல்லின்மேல் வெள்ளை உப்புப் படியுமானால், தேய்த்துக் கழுவிவிட்டு, சேமித்த மழைநீரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். அதே காற்று தொங்குமரத்தைத் தொட்டியோடு கவிழ்த்தும் விடும். கனத்த தொட்டியும், கம்பியால் கட்டிய பீடமும் தேவை. உரம் குறைவாகவே வேண்டும்: ஊறவைத்து நீர்த்த கடலைப் பிண்ணாக்குக் கரைசல், மாதம் ஒருமுறை.

விற்பனையைப் பற்றி அங்கத்தினர் கேட்கக்கூடும். மூன்றாண்டு மரம் மரமாகத்தான் இருக்கும். குறுமரம் என்று மதிக்கப்பெறப் பத்தாண்டேனும் ஆகும். 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்ட ஒரு வெள்ளைப் பைன், 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கும் தப்பி, 1976-இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக வழங்கப்பட்டு, வாஷிங்டன் நகரில் இன்றும் இருக்கின்றது. ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய்க் காத்தளித்த மரம் அது. ஆகவே இதில் கடன் வாங்கிய பணத்தையோ முதிராத வைப்பையோ இறக்குதல் தகாது. 1923-ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்தில் டோக்கியோவில் இடமிழந்த மரத் தோட்டக்காரர் சிலர், நல்ல நீரும் மண்ணும் தேடிச் சென்று, 1925-இல் ஓமியாவில் ஒரு சிற்றூரையே அமைத்துக்கொண்டனர். அங்கே குடியிருக்க விரும்புவோர் பத்து மரங்களேனும் வைத்திருக்க வேண்டும், யார் வந்தாலும் தோட்டத்தைக் காட்ட வேண்டும், மாடி கட்டக் கூடாது, மதிலுக்குப் பதில் உயிர்வேலி வைக்க வேண்டும் என்று தமக்குள்ளே விதி செய்துகொண்டனர். நம் துணைவிதிகளில் இவ்வளவு சுருக்கமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

எங்கள் கிணற்று இச்சி இப்போது நார்க்கட்டுடன் கழுத்தளவு மண்ணுக்குள் இருக்கிறது. பெரியவர் வாரத்துக்கு ஒருமுறை, மண்ணை விலக்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். அடுத்த ஆண்டு பங்குனி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சவுக்குத் தொட்டிகள் இரண்டும் சங்கத் திண்ணையின் கிழக்கு மூலையில் நிற்கின்றன. காண விரும்புவோர் அலுவல் நேரத்தில் வந்து காணலாம். மேற்கொழுந்து வளர்ந்திருக்கக் கண்டால் கிள்ளிவிடுங்கள், கீழ்நுனியைத் தொடாதீர்கள்.